செகண்ட் இன்ஜினியருக்காக எழுதிய கடிதம்

என் ஆங்கிலத்தைப் பற்றி எனக்கு அளவுக்கு மீறிய பெருமை உண்டு. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். தூத்துக்குடியில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் இருபது வருஷமாக வேலை பார்க்கிறேன். கப்பலிலிருந்து இறங்குகிறவர்கள், ஏறுகிறவர்கள் எல்லோருடைய தாள்களும் என் மேசை வழியாகத்தான் போக வேண்டும். ஒருவருக்குப் பல்வலி என்றால் கரைக்கு வர ஒரு கடிதம், ஒப்பந்தம் முடிந்தவருக்கு ஊருக்குப் போக ஒரு கடிதம். மற்றவர்கள் பழைய கடிதத்தில் பெயரை மட்டும் மாற்றி அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். நான் ஒவ்வொன்றையும் புதிதாக எழுதுவேன். "ஏளா, நீ லெட்டர் எழுதுதியா, கதை எழுதுதியா?" என்று எங்கள் மேலாளர் அண்ணாச்சி கேலி செய்வார். ஆனால் சிக்கலான விஷயம் என்று வந்தால் என் தலையில்தான் கட்டுவார்.

அப்படி என் தலையில் கட்டப்பட்டதுதான் அந்தக் கப்பல். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து தோல் உரிக்காத முந்திரிக்கொட்டை ஏற்றிக்கொண்டு வந்தது. வழியில் சரக்கு அறைக்குள் தண்ணீர் புகுந்து, இங்கே திறந்தபோது பாதி மூட்டை பூத்துப்போயிருந்தது. சரக்குக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். தீர்ப்பு வரும்வரை கப்பல் நகரக்கூடாது என்று நீதிமன்றம் உத்தரவு போட்டது. கப்பல் முதலாளி எங்கோ ஒரு நாட்டில் இருந்தவர், கொஞ்ச நாள் போனை எடுத்தார், பிறகு எடுக்கவில்லை. கப்பலைத் துறைமுகத்துக்கு வெளியே, நாங்கள் அவுட்டர் என்று சொல்லும் இடத்தில், நங்கூரம் போட்டு நிறுத்தினார்கள். ஆளில்லாத கப்பல் கடலில் கிடந்தால் ஆபத்து என்பதால் எட்டுப் பேர் அதிலேயே இருந்தாக வேண்டும் என்றும் உத்தரவில் இருந்தது. மாற்று ஆள் வராமல் யாரும் இறங்க முடியாது.

கப்பலில் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். கேப்டன், சீஃப், செகண்ட் என்று பதவிதான் பெயர். செகண்ட் என்றால் இரண்டாம் இன்ஜினியர். எங்கள் செகண்டுக்கு ஐம்பது வயதிருக்கும். உயரமான மனிதர், பேச்சு குறைவு. வாரத்துக்கு இரண்டு முறை அரிசியும் காய்கறியும் குடிதண்ணீரும் கொண்டுபோகிற லாஞ்ச் படகில், கையெழுத்து வாங்க வேண்டியிருந்தால் நானும் போவேன். ஏணியில் ஏறத் தெரியாமல் நான் தடுமாறிய முதல் நாள், மேலேயிருந்து கை கொடுத்துத் தூக்கியவர் அவர்தான்.

நாலு மாதம் போயிருக்கும். லாஞ்ச் ஓட்டுகிறவர் தருவைகுளத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது சின்னவர். ஒரு நாள் கரைக்கு வந்ததும் நேராக அலுவலகத்துக்கு வந்தார்.

"யக்கா, செகண்டு ரெண்டு நாளா சோறு திங்கலை. மேல்தட்டுல ஒத்தையில உக்காந்திருக்காரு. என்னன்னு கேட்டா சொல்ல மாட்டேங்காரு. நீங்க ஒருக்கா வந்து பாருங்க."

போனேன். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். மூன்று வாரத்துக்குள் ஊர் போய்ச் சேர வேண்டும், முடியுமா என்று கேட்டார். எதற்கு என்று கேட்டேன். சொல்ல ஆரம்பித்தார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன்.

அவர் ஊர் மேற்கு ஆப்பிரிக்காவில். அவருடைய பெரியப்பா அந்தப் பகுதிக்குத் தலைவர். நாற்பது ஊர்களுக்கு ஒரு தலைவர். அந்தப் பெரியப்பா ஐந்து நாள் முன்பு இறந்துவிட்டார். ஊரில் அது ஐந்தாறு பேருக்கு மட்டும்தான் தெரியும். தலைவர் இறந்தால் இறந்தார் என்று சொல்லக்கூடாது. உடம்பு சரியில்லை என்றுதான் சொல்ல வேண்டும். வேளாவேளைக்கு அவர் வீட்டுக்குச் சாப்பாடு போய்க்கொண்டேயிருக்கும். அடுத்தவர் யார் என்று குடும்பத்துப் பெரியவர்கள் முடிவு செய்து, அந்த ஆள் நேரில் வந்து நின்ற பிறகுதான் பறையடித்துச் சொல்வார்கள். மூன்று வாரத்துக்கு மேல் மறைத்து வைக்கவும் முடியாது. அதற்கு முன்னால் செய்தியை வெளியே விட்ட வீட்டுக்கு மதிப்புப் போய்விடும். அவர்கள் வாயைத் திறந்து உரிமை கேட்க முடியாது. பெரியவர்கள் இவரைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள். பெரியப்பா போன செய்தியைத் தம்பிதான் போனில் சொல்லியிருக்கிறார்.

"அப்படியானால் அந்தத் தம்பியே நிற்கலாமே?" என்று கேட்டேன். சுலபமான வழி இருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தேன்.

தம்பிக்குத் தாய் ஒன்றுதான், தகப்பன் வேறு. அந்தக் காலமாக இருந்தால் அது ஒரு பொருட்டே இல்லையாம். பெரியவர்கள் கூடி அக்காள் மகனைத் தலைவராக வைத்திருக்கிறார்கள், வெளியூரிலிருந்து வந்து குடியேறின ஒருவரைக்கூட வைத்திருக்கிறார்கள். சரியில்லை என்றால் இறக்கியும் விடுவார்கள். பிறகு வெள்ளைக்காரர்கள் வந்தார்கள். அவர்களுக்கு வரி வசூலிக்க ஒரே ஒரு ஆள் வேண்டும், நிலத்துக்கு ஒரே ஒரு கையெழுத்து வேண்டும், அந்த ஆளுக்குப் பின் யார் என்பதும் முன்கூட்டியே தெரிய வேண்டும். அவர்கள் ஊரில் ராஜாவுக்கு மகன் என்று இருப்பதுபோல இங்கேயும் இருந்தாக வேண்டும் என்று நினைத்தார்கள். அன்றைக்கு யார் யார் கண்ணில் பட்டார்களோ அந்த இரண்டு வீட்டுப் பெயரை ஒரு புத்தகத்தில் எழுதினார்கள். தலைவர் கையில் பித்தளைப் பூண் போட்ட கோல் ஒன்றைக் கொடுத்தார்கள். நாடு சுதந்திரம் அடைந்தது, கொடி மாறியது, புத்தகம் மாறவில்லை. இன்றும் அந்த இரண்டு வீட்டு ஆண்வழி வாரிசு மட்டும்தான் நிற்கலாம். அரசாங்க அதிகாரி கூட்டம் கூட்டுவார், நிற்கிறவர் தன் காலால் வந்து நின்று, தன் வாயால் உரிமை சொல்ல வேண்டும். அவர் வீட்டில் அப்படி மிஞ்சியிருந்தது இவர் ஒருவர்தான்.

"நான் போகாவிட்டால் புத்தகத்தில் இருக்கிற இன்னொரு வீட்டுக்காரன் தனியாக நிற்பான்" என்றார். "ஆற்றோரத்து வயல் முழுவதையும் ஒரு சுரங்கக் கம்பெனிக்கு எழுதிக் கொடுக்க அவன் ஒத்துக்கொண்டுவிட்டான். அவன் ஒருவன் கையெழுத்துப் போட்டால் போதும். என் அம்மாவின் வயலும் அதில்தான் இருக்கிறது. அம்மாவும் அங்கேதான் இருக்கிறாள்."

தலைவராகும் ஆசை அவருக்கு இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. இன்ஜின் அறையின் சத்தம்தான் தனக்குப் பழக்கம், கூட்டத்தில் பேசவே வராது என்று அவரே சொன்னார். வயலைக் காப்பாற்ற வேறு வழி இல்லை, அவ்வளவுதான்.

திரும்பி வரும்போது லாஞ்ச்காரரிடம் மேலோட்டமாகச் சொன்னேன், சாவைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. அவர் ஆச்சரியப்படவில்லை. "எங்க ஆளுகளுக்கும் ஒரு தலைவரு இருந்தாருல்லா யக்கா" என்றார். முத்துக் குளித்த காலத்தில் அந்தத் தலைவருக்கென்று தனி வள்ளங்களை ஒதுக்கிக் கொடுத்தார்களாம். போர்ச்சுகீசியர் கொடுத்தார்கள், பிறகு டச்சுக்காரர், பிறகு இங்கிலீஷ்காரர். ஒருவர் போய் இன்னொருவர் வர, எழுதிக் கொடுக்கிற கைதான் மாறியது. "முத்தும் போச்சு, வெள்ளக்காரனும் போயிட்டான். இப்பம் எங்களுக்கு ஒண்ணுன்னா ஊர்க் கமிட்டி, கலெக்டர் ஆபீசு, அம்புட்டுதான்" என்று சொல்லிவிட்டு இன்ஜின் வேகத்தைக் கூட்டினார்.

மாற்று ஆள் கிடைப்பதுதான் பெரிய பாடு என்று நினைத்திருந்தேன். அது இரண்டே நாளில் முடிந்தது. டூவிபுரத்தில் ஓய்வுபெற்ற இன்ஜினியர் ஒருவர், வீட்டில் மருமகளோடு பேச்சுவார்த்தை இல்லை, கப்பலில் போய் உட்காரச் சொன்னால் உடனே பெட்டியைக் கட்டினார். நீதிமன்றத் தரப்பில் அதற்குத் தடை சொல்லவில்லை. பாக்கி இருந்தது ஒன்றுதான். செகண்ட் கரையிறங்கி விமான நிலையம் போக இமிக்ரேஷன் அனுமதி வேண்டும். வழக்கில் கிடக்கிற கப்பல் என்பதால் சாதாரணமாகக் கேட்டால் இரண்டு மாதம் ஆகும். அவசரக் காரணம் காட்டினால் சீக்கிரம் நடக்கும். போன வருஷம் பிலிப்பைன்ஸ்காரப் பையன் ஒருவனுடைய அம்மா இறந்தபோது, மரணச் சான்றிதழைப் போனில் வரவழைத்து இரண்டு வரி எழுதிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் அவன் ஊரில் இருந்தான்.

இவர் விஷயத்தில் சாவு என்று எழுத முடியாது. அப்படி எழுதலாமா என்று போனில் கேட்டபோதே அவர் குரல் மாறிவிட்டது. "அதை மட்டும் எழுதாதீர்கள். காகிதம் எங்கெங்கே போகும் என்று நமக்குத் தெரியாது. குடும்ப அவசரம் என்று போடுங்கள். இல்லாவிட்டால் எனக்கு உடம்பு சரியில்லை என்று போடுங்கள்." சரி என்றேன்.

அவர் சொன்னபடியே உடம்பு சரியில்லை என்று எழுதியிருக்கலாம். துறைமுக டாக்டரிடம் ஒரு சீட்டு வாங்குவது எனக்குப் புதிய வேலை இல்லை. ரத்த அழுத்தம் என்று இரண்டு வரி போதும். ஆனால் அது எனக்கு ருசிக்கவில்லை. நாற்பது ஊருக்குத் தலைவராகப் போகிற மனிதரை ரத்த அழுத்தக்காரராக இறக்கிவிடுவதா என்று தோன்றியது.

நான் ஏரலில் கடை வைத்துப் பிழைத்த குடும்பத்துப் பெண். எங்களுக்கு எந்தக் காரியம் என்றாலும் உறவின்முறைச் சங்கத் தலைவரிடம் போவோம். அவர் தன் பெயர் அச்சடித்த தாளில் நாலு வரி எழுதிக் கொடுப்பார். அந்தத் தாளை நீட்டினால் காலேஜில் நாற்காலி போடுவார்கள், பேங்கில் உள்ளே கூப்பிடுவார்கள், போலீஸ் ஸ்டேஷனில்கூடக் குரல் இறங்கும். நான் கல்லூரியில் சேர்ந்ததே அப்படி ஒரு தாளால்தான். தலைவர் என்ற சொல்லுக்குக் கதவு திறக்கும் என்பது எங்கள் ரத்தத்தில் ஊறியது. ஆகவே அதைத்தான் எழுதினேன். இவர் இன்ன நாட்டில் இன்ன பகுதியின் பாரம்பரியத் தலைவராகப் பொறுப்பேற்க இருக்கிறார், நாற்பது ஊர் மக்கள் இவருக்காகக் காத்திருக்கிறார்கள், குறித்த நாளுக்குள் இவர் போய்ச் சேராவிட்டால் ஒரு பழமையான மரபு தடைபடும் என்று ஒன்றரைப் பக்கம். சாவு என்ற சொல் எங்கேயும் இல்லை. கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்டேன் என்றே நினைத்தேன். அச்செடுத்து ஒரு முறை வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். நன்றாக இருந்தது. அவரிடம் காட்டவில்லை. அனுமதி வந்த பிறகு காட்டலாம், சந்தோஷப்படுவார் என்று வைத்திருந்தேன்.

இமிக்ரேஷன் அதிகாரி படித்துவிட்டு என்னை உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார். "அப்பம் ராஜாவா மேடம் அவரு?" என்று கேட்டார். கிட்டத்தட்ட என்றேன். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் ராஜா விஷயத்தில் முடிவெடுக்கிற அதிகாரம் அந்த நாற்காலிக்கு இல்லை. அவர் மேலே அனுப்பினார். மேலே இருந்தவர் தனக்கு மேலே அனுப்பினார். வெளிநாட்டுத் தலைவர் ஒருவர் நம் கடலில் மாட்டியிருக்கிறார் என்றால் அந்த நாட்டுத் தூதரகத்தைக் கேட்காமல் எப்படி என்று கேட்டார்கள். தூதரகம் தன் நாட்டு அமைச்சகத்தைக் கேட்டது. அமைச்சகம் அந்த மாவட்ட அதிகாரியைக் கேட்டது.

பத்தாம் நாள் பதில் வந்தது. அவர்கள் ஆவணங்களின்படி அந்தப் பகுதியின் தலைவர் உயிரோடு பதவியில் இருக்கிறார். இடம் காலியாக இல்லை. இவர் சொல்வதற்கு ஆதாரம் இல்லை. பொய்த் தகவல் கொடுத்து அனுமதி கேட்டது பற்றி விசாரித்துவிட்டுத்தான் மேற்கொண்டு பார்க்க வேண்டும் என்று இங்கே கோப்பில் எழுதி வைத்துவிட்டார்கள்.

அண்ணாச்சி கடிதத்தின் நகலை எடுத்துப் படித்தார். அவர் திட்டியிருந்தால் நானும் பதிலுக்குப் பேசியிருப்பேன். மெதுவாகத்தான் கேட்டார்.

"அந்தப் பிலிப்பைன்ஸ் பயலுக்கு ரெண்டு வரி எழுதுன. இவருக்கு எதுக்குளா ஒன்றரைப் பக்கம்?"

அன்று மாலை செகண்ட் போன் செய்தார். அனுமதி தாமதமாகிறது என்று மட்டும் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார். ஊருக்கு மாவட்ட அதிகாரி ஜீப்பில் வந்தாராம். கையில் ஒரு தாள் வைத்துக்கொண்டு, தலைவர் உயிரோடு இருக்கிறாரா, நான் பார்க்க வேண்டும் என்று கேட்டாராம். பெரியவர்கள் உடம்பு சரியில்லை, தூங்குகிறார் என்றார்களாம். முதலில் அதையே எழுதிக்கொண்டு போய்விட்டார். ஆனால் எதற்காக இப்படி ஒரு கேள்வி வருகிறது என்று ஊர் பேச ஆரம்பித்துவிட்டது. மூன்றாம் நாள் மறுபடி போலீசோடு வந்து கதவைத் திறக்கச் சொன்னார். உள்ளே படுக்கை காலியாக இருந்தது. போட்டி வீட்டுக்காரர்கள் தெருவில் நின்று சிரித்தார்களாம். சடங்கு முடியாமல் செய்தியை அரசாங்கத்துக்கு விற்ற வீடு என்று சொன்னார்களாம்.

"யாரோ அரசாங்கத்துக்குச் சொல்லியிருக்கிறார்கள்" என்றார். "பெரியவர்கள் சொல்ல மாட்டார்கள். தெரிந்தவன் இன்னும் ஒருவன்தான். புத்தகத்தில் தன் பெயர் இல்லை என்ற கசப்பு அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. என் தம்பிதான்."

அந்த அதிகாரி கையில் இருந்த தாள் எங்கிருந்து புறப்பட்டது என்று எனக்குத் தெரியும். சொல்ல வேண்டிய நேரம் அதுதான். "சிக்னல் சரியில்லை, அப்புறம் பேசுகிறேன்" என்று சொன்னேன்.

இடம் காலி என்று தெரிந்துவிட்டதால் அதிகாரி ஒரு வாரத்தில் கூட்டம் கூட்டினார். அன்றைக்குச் செகண்ட் சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, போனைக் கையில் வைத்து மேல்தட்டில் நின்றார். போனில் தன் உரிமையைச் சொல்ல அனுமதி கேட்டிருந்தார். நேரில் வராதவர் குரலைப் பதிவு செய்ய விதி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். குடும்பத்துப் பெரியவர் ஒருவர் எழுந்து அவருக்காகப் பேசப் பார்த்ததையும் உட்கார வைத்துவிட்டார்கள். போட்டி வீட்டுக்காரர் ஒருவர் மட்டும் நின்றார், கோல் அவர் கைக்குப் போயிற்று. இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் லாஞ்ச்காரர். சாயந்திரம் தண்ணீர் கொண்டு போனபோது செகண்ட் இன்னும் அதே சட்டையில் நின்றுகொண்டிருந்தாராம்.

குத்தகைப் பத்திரம் அந்த மாதமே கையெழுத்தாயிற்று. மழைக்கு முன்னால் மண் வெட்டுகிற இயந்திரங்கள் வந்துவிட்டன. அவருடைய அம்மாவை ஏழு மைல் தள்ளித் தகரக் கூரை போட்ட வீடு ஒன்றுக்கு மாற்றினார்கள். அவளைக் கூட்டிக்கொண்டு போய் விட்டவர் அந்தத் தம்பிதான். செகண்ட் அதற்குள் தம்பியின் போனை எடுப்பதை நிறுத்தியிருந்தார்.

அதற்குப் பிறகு ஏழு மாதம் கழித்துத்தான் நீதிமன்றம் கப்பலை ஏலம் விட்டு எட்டுப் பேரையும் விடுவித்தது. தாள்களோடு துறைமுக வாசலில் நான்தான் நின்றேன். செகண்ட் மிகவும் இளைத்திருந்தார். ஊருக்கு டிக்கெட் போடவா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். வேறொரு கப்பலில் வேலை கிடைத்திருக்கிறது, கொழும்பில் ஏற வேண்டும் என்றார். தம்பி இருக்கிற ஊரில் தன்னால் தண்ணீர்கூடக் குடிக்க முடியாது என்றார். பிறகு என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, எனக்காக நீங்கள் எவ்வளவோ முயற்சி எடுத்தீர்கள், மறக்க மாட்டேன் என்றார்.

வேலை போய்விடும் என்று பயந்து நான் வாயை மூடிக்கொள்ளவில்லை. அண்ணாச்சிக்கு எல்லாம் தெரியும், அவர் என்னைக் காட்டிக்கொடுக்க மாட்டார். அந்த மனிதரின் முகம் மாறுவதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை, அவ்வளவுதான். "நல்லபடியாகப் போய்ச் சேருங்கள்" என்று சொல்லிக் கையை விடுவித்துக்கொண்டேன். வண்டி போன பிறகு அங்கேயே சுவரில் சாய்ந்து அழுதேன். அழுது என்ன பிரயோஜனம்?

இரண்டு மாதம் கழித்து அலுவலக எண்ணுக்கு ஒரு அழைப்பு வந்தது. வெளிநாட்டு எண். செகண்ட் எப்போதோ வீட்டுக்கு அனுப்பிய ஒரு தாளில் எங்கள் நம்பரைப் பார்த்திருக்கிறார். தயங்கித் தயங்கிப் பேசினார். செகண்டின் தம்பி. அண்ணன் எந்தக் கப்பலில் இருக்கிறார் என்று கேட்டார். தெரியாது என்றேன், அது உண்மை. அம்மா படுத்துவிட்டாள், அண்ணன் பெயரையே சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்றார். அண்ணன் போன் செய்தால் ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுங்கள் என்றார்.

"நான் யாரிடமும் சொல்லவில்லை. அம்மா மேல் ஆணை."

"எனக்குத் தெரியும்" என்றேன்.

உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார்.

நான் போனை வைத்துவிட்டேன்.